திரைமுகமும் உருவ ஓவியமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் கலை பயிலும் என் மகள், எங்கள் வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை விரும்பிப் பார்க்கும் மூத்த தமிழ்ச் செய்தி வாசிப்பாளர் ஒருவரை, தொலைக்காட்சித் திரையிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தாள். சாயல் அச்சாக அமைந்தும், "இது உருவ ஓவியம் ஆகாது" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது நியாயமா?
வாசகி, தோ பாயோ

பதில்: உங்கள் மகளின் உழைப்பை எண்ணி வருந்தினாலும் நான் ஆசிரியரின் பக்கமே நிற்கிறேன். செய்தி வாசிப்பாளரின் திரைமுகம் ஏற்கெனவே பிறர் அமைத்துக் கொடுத்த உருவப்படம். மார்பளவில் சட்டமிட்டு, மூக்கின் நிழல்கூடக் கன்னத்தில் விழாதபடி முன்னிருந்து சீராக ஒளியூட்டி, கேமராவுக்கு முன் சாய்த்து வைத்த கண்ணாடியில் ஓடும் எழுத்துகளைப் படிக்கும் கண்கள் நம்மையே நோக்குவதுபோல் தோன்றும்படி அதை உருவாக்குகிறார்கள். அதைப் பார்த்து வரைபவர் ஒளியமைப்பாளரின் முடிவுகளைப் படியெடுக்கிறாரே தவிர, அந்த மனிதரை வரைவதில்லை.

அந்த முகத்தில் உணர்ச்சி தெரியக்கூடாது என்பது இத்தொழிலின் பழைய கட்டளை. 1954 ஜூலை 5 அன்று பிபிசி தன் முதல் தொலைக்காட்சிச் செய்தியறிக்கையை ஒளிபரப்பியபோது ரிச்சர்ட் பேக்கரின் குரல் மட்டுமே கேட்டது. வாசிப்பவரின் முகக்குறிப்பு செய்தியின் நடுநிலையைக் கெடுத்துவிடும் என்ற அச்சத்தால் அவர் முகம் காட்டப்படவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில், போட்டி நிறுவனமான ஐடிஎன் களமிறங்கவிருந்த வேளையில்தான், பிபிசியின் செய்தி வாசிப்பாளர் கென்னத் கெண்டல் திரையில் தோன்றினார். 1963 நவம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் கென்னடியின் மரணத்தை அறிவித்த அந்நாட்டுச் செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு கணம் தொண்டை அடைத்து நின்ற காட்சி இன்றும் பேசப்படுகிறதென்றால், அந்தக் கட்டளை அங்கே தளர்ந்ததுதான் காரணம்.

ஓவியர் தேட வேண்டியது அத்தகைய தளர்வையே. உங்கள் மகள் தான் வரைந்த அந்தச் செய்தி வாசிப்பாளருக்கு மரியாதையாகக் கடிதம் எழுதி, ஒரு மணி நேரம் எதிரே அமர்ந்து வரைய அனுமதி கேட்கட்டும். ஒரே சன்னலின் வெளிச்சத்தில், பக்கவாட்டில், தாள் எதையும் பிடிக்காத கைகளோடு, பிறர் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கும் நிலையில் வரைந்து பார்க்கட்டும். சாயல் சற்றுக் குறைந்தால் பாட்டி கோபித்துக்கொள்வார். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: பெரிய உருவப்படக் காட்சியகங்களில் செய்தி வாசிப்பாளர்கள் தாமதமாகவே இடம்பெற்றது ஏன்?
வாசகர், ஈசூன்

பதில்: லண்டனைப் பொறுத்தவரை விதிமுறையே தடையாக இருந்தது. 1856இல் நிறுவப்பட்ட அங்குள்ள தேசிய உருவப்படக் காட்சியகம், அரசரும் அவருடைய துணையும் நீங்கலாக, உயிரோடிருப்பவர் எவருடைய படத்தையும், இறந்து பத்தாண்டு ஆகாதவர் படத்தையும் 1969 வரை ஏற்கவில்லை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய உருவப்படக் காட்சியகத்துக்கு டைம் இதழ் தன் அட்டைப்பட மூலங்களை 1978இல் பெருமளவில் வழங்கியது. செய்தி வாசிப்பாளரான கிராங்கைட்டும் 1966இல் அவ்விதழின் அட்டையில் வந்தவர்தான்.

கேள்வி: 1970களில் சிங்கப்பூர்த் தொலைக்காட்சி நிலையம் இருந்த கால்டிகாட் குன்றிலிருந்து செய்தி வாசித்த என் சித்தியை, அப்பா வீட்டுத் தொலைக்காட்சித் திரையிலேயே படம் எடுத்து வைத்திருக்கிறார். எல்லாப் படங்களிலும் முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை தெரிகிறது. கேமராவின் பழுதா?
வாசகர், பிடோக்

பதில்: பழுது எதுவும் இல்லை. அக்காலக் குழாய்த் திரை, 625 கோடுகள் கொண்ட படத்தை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, நொடிக்கு 25 முறை வரைந்தது. கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டரை 1/125 நொடிக்கு வைத்தால் முழுமுகமும் வரையப்படும் முன்பே அது மூடிவிடும். ஃபிளாஷை அணைத்து, முக்காலியில் நிறுத்தி, 1/15 நொடிக்கு வைத்திருந்தால் பட்டை விழுந்திராது.

ஆயினும் அப்படங்களைக் குறைவாக மதிக்காதீர்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் லீ ஃபிரீட்லேண்டர் 1960களில் விடுதி அறைகளில் ஒளிர்ந்த தொலைக்காட்சித் திரைகளை, கட்டிலும் விளக்கும் சேர்ந்து தெரிய, ஒரு தொடராகவே எடுத்தார். உங்கள் படங்களிலும் திரைக்கு வெளியே என்ன தெரிகிறதென்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பின்புறத்தில் ஆண்டையும் வீட்டையும் பென்சிலால் குறித்து வையுங்கள். சித்தியிடம் கேட்டால் அன்று வாசித்த செய்திகூட அவருக்கு நினைவிருக்கலாம்.