டிராஃப்டில் பெயர் போட 6,500 டொலரா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு, உயரம் ஆறடி ஆறு அங்குலம். பள்ளிக்கூட அணியிலும் கோடைக்காலக் கழக அணியிலும் கூடைப்பந்து ஆடுகிறான். கழகத்தில் அறிமுகமான ஒருவர், 6,500 டொலர் கொடுத்தால் என்பிஏ என்ற பெரிய கூடைப்பந்து லீகின் டிராஃப்டுக்கு (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தெரிவு செய்யும் நிகழ்வு) மகனின் பெயரைப் பதிந்து, வீடியோ செய்து, ரொறன்ரோ அணியான ராப்டர்ஸ் ஆட்களிடம் காட்டுவதாகச் சொல்கிறார். யாருக்கும் தெரியாத புரூனோ கபோக்ளோவை ராப்டர்ஸ் எடுத்தது, தோன் மேக்கர் ஒன்ராறியோவில் இருந்து நேரே என்பிஏ போனார் என்று உதாரணமும் காட்டுகிறார். பிற்காலத்தில் மகன் உழைப்பதில் நூற்றுக்குப் பத்து அவருக்கு. போன சனிக்கிழமை 500 டொலர் முற்பணம் கட்டி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டோம். பெரிய ஒப்பந்தம் அடுத்த வாரம். போடலாமா ஐயா?

பதில்: போடாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

டிராஃப்டுக்குப் பெயர் கொடுப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தகுதி உள்ள வீரர், டிராஃப்டுக்கு 60 நாளுக்கு முன்பாக என்பிஏ அலுவலகத்துக்குக் கிடைக்கும்படி எழுத்தில் அறிவித்தால் சரி. ஆனால் டிராஃப்ட் நடக்கும் வருடத்துக்குள் அவருக்கு 19 வயது ஆகவேண்டும். கூடவே, அவருடைய வகுப்பு பள்ளிக்கூடம் முடித்து ஒரு பருவமாவது போயிருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இந்த வருடம் 18 ஆகிறது என்றால் எப்படிப் பார்த்தாலும் அடுத்த வருடத்துக்கு முன் வழி இல்லை. 'வெளிநாட்டு வீரர்' என்றொரு தனி வகை உண்டு, அந்தக் கணக்கு உங்களுக்கு இப்போது தேவையில்லை.

இந்தத் தரகர்களின் தந்திரம் இதில்தான் இருக்கிறது. முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களின் பட்டியலை லீக் வெளியிடும். தகுதி வந்த வருடத்தில் அதில் பெயர் வருவது பெரிய காரியமே இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுவந்து, 'பாருங்கோ, பெடியன்ர பேர் என்பிஏ லிஸ்டில வந்திட்டுது' என்று காட்டினால் எந்தத் தாய்க்கும் கண் கலங்கும். சொன்ன வேலையைச் செய்துவிட்டேன் என்று அவர் கணக்கை முடித்துவிடுவார். இருப்பதோ இரண்டு சுற்றிலுமாக 60 இடம். சில அணிகள் விதி மீறி இடத்தைப் பறிகொடுப்பதால் அதுவும் குறையும். 2025இல் 59 பேரைத்தான் எடுத்தார்கள். அதற்கு முன் சிக்காகோவில் நடக்கும் பரிசோதனை முகாமுக்கு அழைப்பு வந்தால்தான் போகலாம். அந்த அழைப்பை விற்க யாராலும் முடியாது.

சரி, கபோக்ளோ. 2014இல் ராப்டர்ஸ் அவரை 20ஆவதாக எடுத்தபோது தொலைக்காட்சியில் இருந்தவர்களே திகைத்துப் போனார்கள். 'இவர் தயாராவதற்கு இரண்டு வருடம் இருக்கும் நிலைக்கு வரவே இன்னும் இரண்டு வருடம் ஆகும்' என்ற பொருளில் ஃபிரான் ஃபிரஷில்லா என்ற விமர்சகர் அன்றிரவு சொன்னது இன்றுவரை பகிடியாக ஓடுகிறது. ஆனால் 'யாருக்கும் தெரியாத பையன்' என்பது உங்களுக்கும் எனக்கும்தான். அவர் சாவோ பாவுலோவில் பின்ஹெய்ரோஸ் என்ற தொழில்முறைக் கழகத்தின் வீரர். முந்தின வருடம் என்பிஏயும் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமும் சேர்ந்து நடத்தும், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் போகும் முகாமில் சிறந்த வீரர் என்று பெயர் எடுத்தவர். அணிகளின் ஆட்கள் அவரை நேரில் பார்த்திருந்தார்கள். ஹைலைட் வீடியோ விற்றவர் யாரும் அந்தக் கதையில் இல்லை. எடுத்த பிறகு என்ன நடந்தது என்பதையும் உங்கள் ஆள் சொல்லியிருக்க மாட்டார். நாலு பருவத்தில் ராப்டர்ஸ் சீருடையில் 25 ஆட்டம். 2018இல் சாக்ரமெண்டோவுக்கு மாற்றிவிட்டார்கள்.

ராப்டர்ஸின் தெரிவு வரலாற்றை நீங்களே ஒரு மாலைப்பொழுதில் வாசித்துவிடலாம். 1995இல் முதன்முதலாக எடுத்த டேமன் ஸ்டூடமயர் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் ஆடியவர். 2003இல் கிறிஸ் பாஷ், 2009இல் டிமார் டிரோசன், 2021இல் ஸ்காட்டி பார்ன்ஸ் மூவரும் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் ஆடிவிட்டு வந்தார்கள். 2006இல் முதலாம் இடத்தில் எடுத்த அந்திரேயா பர்னானி இத்தாலியில் திரெவீசோ கழகத்தின் வீரர். 2011இல் வந்த ஜோனஸ் வலன்சியுனஸ் லித்துவேனியாக் கழகத்தின் வீரர், எடுத்த பிறகும் ஒரு வருடம் அங்கேயே ஆடிவிட்டுத்தான் இங்கே வந்தார். பாஸ்கல் சியாகம் கமரூனில் இருந்து வந்து நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடினார், 2016இல் 27ஆவது தெரிவு. பல்கலைக்கழகம் அல்லது தொழில்முறைக் கழகம், இந்த இரண்டு கதவுதான்.

பள்ளிக்கூடத்தில் இருந்து நேராக ஒருவரை ராப்டர்ஸ் எடுத்ததும் உண்டு. 1997இல் டிரேசி மெக்ரேடி, 9ஆவது. உங்கள் தரகர் அடுத்த தடவை இவர் பெயரையும் இழுக்கலாம். அந்தக் கதவை 2006 டிராஃப்டோடு லீக் சாத்திவிட்டது.

நல்ல பெயர்களைச் சொன்னதால், எடுக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கவேண்டாம். 2004இல் 8ஆவதாக ரஃபேல் அராவூஜோவை எடுத்தார்கள். அடுத்த இடத்திலேயே ஃபிலடெல்பியா ஆந்த்ரே இகுடாலாவை எடுத்தது. இந்த ஊர் ரசிகர்கள் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிற விஷயம் அது. திறமை மட்டுமா, விதிகளும் சேர்ந்து விளையாடும். எந்த அணி முதலில் எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் 1996 லாட்டரிக் குலுக்கலில் முதலாம் இடம் ரொறன்ரோவுக்குத்தான் விழுந்தது. ஆனால் புது அணிகளான ரொறன்ரோவுக்கும் வான்கூவருக்கும் ஆரம்ப வருடங்களில் முதலாம் இடம் கிடையாது என்று லீகில் சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள். ஃபிலடெல்பியா முதலாவதாக அலன் ஐவர்சனை எடுத்தது, நாங்கள் இரண்டாவதாக மார்கஸ் கேம்பி. பந்து விழுந்த பிறகும் கையில் இல்லை என்பதற்கு என்ன நியாயம் சொல்வது? ஒரு முழு அணிக்கே இந்த நிலை என்றால், மூலையில் நிற்கும் தரகர் இதற்குள் புகுந்து உங்கள் மகனுக்கு இடம் பிடிப்பார் என்பதை நம்பலாமா?

ஒப்பந்தங்களின் விசித்திரத்துக்கு இன்னொன்று. 2015இல் கிரேவிஸ் வாஸ்கெஸ் என்ற வீரரை மில்வாக்கிக்குக் கொடுத்து, 46ஆவது தெரிவான நோர்மன் பவலையும் பிற்காலத்து முதல் சுற்றுத் தெரிவு ஒன்றையும் வாங்கினார்கள். அந்தத் தெரிவில் 2017இல் வந்தவர் ஓஜி அனுனோபி. அதெல்லாம் பொதுமேலாளர்கள் தங்களுக்குள் தொலைபேசியில் பேசி முடிக்கும் விஷயம்.

இனி தோன் மேக்கர். இந்தப் பெயரால்தான் எங்கள் ஊரில் அதிகம் காசு பறிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சூடானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அமெரிக்காவில் ஆடிவிட்டு ஒன்ராறியோவின் ஆரஞ்வில் அகடமிக்கு வந்தார். 2015இல் பள்ளிப்படிப்பை முடித்ததாகவும், பிறகு அங்கேயே ஒரு வருடம் மேலதிகமாக இருந்ததாகவும் அவர் தரப்பு லீகிடம் காட்டியது. லீக் ஏற்றுக்கொண்டது. அதாவது விதியை யாரும் வளைக்கவில்லை. 19 வயது ஆகியிருந்தது, பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருடமும் ஆகியிருந்தது. 2016இல் மில்வாக்கி 10ஆவதாக எடுத்தது. மேலோட்டமாகப் பார்த்தால், 'பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு ஒரு வருடம் எங்கள் அகடமியில் காசு கட்டி இரு, பிறகு என்பிஏ' என்று யாரும் சொல்லலாம், சொல்கிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது இது: மேக்கர் ஏழடி உயரம். ஒன்ராறியோவுக்கு வருவதற்கு முன்பே அமெரிக்கப் பள்ளி வீரர்களின் வரிசைப் பட்டியல்களில் இருந்தவர். அந்த மேலதிக வருடம் அவருடைய தகுதித் தேதியைச் சரிசெய்தது, அவரை வீரராக்கவில்லை. ஆறடி ஆறு அங்குலத்தில், ஊருக்கு வெளியே பெயர் தெரியாத ஒரு பையனுக்கு அந்த வருடம் அகடமிக்குச் சம்பளம், அவ்வளவுதான். அதே அகடமியில் ஆடிய ஜமால் மரே, பல்கலைக்கழகம் போய் கென்டக்கியில் ஒரு வருடம் ஆடினார், அதே 2016இல் மேக்கருக்கு முன்பாக 7ஆவதாகப் போனார். தரகர்கள் மரேயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். அந்தப் பாதையில் அவர்களுக்கு வேலை இல்லையே.

நேரே போவதன் மறுபக்கம் தெரியவேண்டும் என்றால் சத்னாம் சிங்கைப் பாருங்கள். பஞ்சாபில் இருந்து ஃபுளோரிடா அகடமிக்குப் போய், பல்கலைக்கழகம் போகாமலே 2015இல் டலஸ் அணியால் 52ஆவதாக எடுக்கப்பட்டவர். இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் வந்த முதல் ஆள். ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடவில்லை. முதல் சுற்றில் எடுத்தால் சம்பளம் உறுதி, இரண்டாம் சுற்றில் அந்த உறுதி இல்லை.

ராப்டர்ஸ் உள்ளூர்ப் பிள்ளைகளைத் தேடித் தேடி எடுக்கும் என்ற பேச்சும் உண்டு. 1995இல் தொடங்கிய அணி முதல் கனடியரை எடுத்தது 2021இல். ரெக்ஸ்டேல் பையன் டலானோ பான்டன், 46ஆவது தெரிவு. தன் ஊருக்குள் ஓடும் 45ஆம் இலக்க கிப்ளிங் பஸ்ஸின் நினைவாகச் சட்டையில் 45 போட்டுக்கொண்டார். அவரும் வெஸ்டர்ன் கென்டக்கி, நெப்ராஸ்கா என்று இரண்டு பல்கலைக்கழகம் ஆடிவிட்டு வந்தவர்.

இப்போது அந்த நூற்றுக்குப் பத்து. என்பிஏ வீரர்களுடைய ஒப்பந்தத்தைப் பேச, வீரர் சங்கத்தின் சான்றிதழ் பெற்ற முகவருக்கு மட்டும்தான் உரிமை. அவருக்கே உச்சவரம்பு நூற்றுக்கு நாலு. சான்றிதழ் பெற்றவர்களின் பெயர்கள் சங்கத்தின் இணையதளத்தில் உண்டு. உங்கள் ஆளின் பெயரைத் தேடிப் பாருங்கள். இன்னொன்று கவனியுங்கள்: 18 வயதுக்குக் குறைந்தவர் போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் அவரைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் பையனுடைய கையெழுத்து போதும் என்று சொல்லாமல் உங்களைக் கூப்பிடுகிறார். பிறகு கடன்காரர் நீங்கள்.

பணத்தைவிடப் பெரிய நட்டம், பல்கலைக்கழக அணியில் ஆடும் தகுதி போவது. வருமானத்தில் பங்கு என்று எழுதித் தருவது முகவர் ஒப்பந்தமாகப் பார்க்கப்படலாம். அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏயின் விதிகள் இந்த விஷயத்தில் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. ஒரு பக்கம் வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே காசு கொடுக்கலாம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் மாணவர் விசாவில் போகும் எங்கள் பிள்ளைகள் அதைத் தொடுவதற்கே பயப்படவேண்டியிருக்கிறது. யாரைக் கேட்டாலும் ஒரு வழக்கறிஞரைக் கைகாட்டுகிறார்கள். இந்தக் குழப்பத்தில் கையெழுத்தே இல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

செய்யவேண்டியது வேறு. என்சிஏஏ தகுதி மையத்தில் நீங்களே மகனுக்குக் கணக்குத் திறக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு, நேரே அவர்களுக்குக் கட்டுங்கள். முதல் பிரிவில் ஆட 16 முக்கிய பாடங்கள் வேண்டும், மதிப்பெண் சராசரி (4க்கு) 2.3க்குக் குறையக்கூடாது. ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதில் இருந்து நாலு வருடத்துக்குள் அவை முடியவேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மகனின் பாடங்கள் இந்தக் கணக்கில் வருகின்றனவா என்று பள்ளிக்கூட ஆலோசகரிடம் இந்த வாரமே கேளுங்கள். வீடியோ வேண்டுமென்றால் முழு ஆட்டத்தைத் தொலைபேசியில் பிடித்து, பயிற்சியாளர் மூலம் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புங்கள். வெட்டி ஒட்டிய இரண்டு நிமிடத்தைவிட அதற்குத்தான் மதிப்பு. எங்கள் பொதுப் பள்ளிக்கூடங்களில் பயிற்சியாளர் என்பவர் பகலில் கணக்குப் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் சும்மா வந்து நிற்கிற ஆசிரியர். மாகாணம் அவருக்கு ஒரு சதம் கூடக் கொடுக்காது, ஆனாலும் பெரும்பாலானவர்கள் ஒரு மின்னஞ்சல் எழுதித் தருவார்கள்.

அமெரிக்காதான் ஒரே வழி என்றும் இல்லை. கனடியப் பல்கலைக்கழக அணிகளில் இருந்து ஆட்களை எடுக்கிற கனடியன் எலீட் லீக் இருக்கிறது. அதில் ஆடும் ஸ்காபரோ ஷூட்டிங் ஸ்டார்ஸ் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான். டிராஃப்டில் யாருமே எடுக்காத ஃபிரெட் வான்வ்லீட் 2019இல் ராப்டர்ஸ் கோப்பை வென்ற இறுதி ஆட்டத்தில் 22 புள்ளி எடுத்தார். அவர் அதற்கு முன் விச்சிட்டா ஸ்டேட்டில் நாலு வருடம் படித்து ஆடியவர்.

கட்டிய 500 டொலருக்கு வருவோம். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விளையாட்டுப் பயிற்சி, திறமை வளர்ப்பு போன்ற சேவைகளுக்கு முற்பணம் கட்டிச் செய்த ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கையில் கிடைத்த நாளில் இருந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்து 15 நாளுக்குள் அவர் பணத்தைத் திருப்பவேண்டும். சனிக்கிழமை கொடுத்தது என்கிறீர்கள், ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். 'இந்தத் தேதியில் செய்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்கிறேன், 500 டொலரைத் திருப்பித் தரவும்' என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பி, அதையே பதிவுத் தபாலிலும் போடுங்கள். தொலைபேசியில் பேசவேண்டாம். அவர் பேசத் தொடங்கினால் நீங்கள் மனம் மாறுவீர்கள். படிவத்தின் பிரதியே உங்களுக்குத் தரவில்லை என்றால் அதையும் அந்த மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள், அது உங்கள் பக்கத்துக்குத்தான் பலம்.