பக்கவாத நோயாளிகளுக்கு இசையோடு நடைப்பயிற்சி: ஆய்வு நிதிக்கு ப்ரொபோசல் எழுதுவது எப்படி?

கேட்டவர் ராமநாதபுரத்தில் பிசியோதெரபிஸ்ட். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பக்கவாதம் வந்தவர்களைத் தாளத்துக்கு நடக்க வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு நிதி கேட்டு எப்படி எழுதுவது, யாரிடம் உதவி கேட்பது என்கிறார்.

என் முதல் ப்ரொபோசலில் நோயைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன், இசையைப் பற்றி ஒரே ஒரு வரி: 'தினமும் மனதுக்கு இதமான இசை ஒலிக்கப்படும்'. அப்படியே திரும்பி வந்துவிட்டது. எந்த இசை, யாருக்கு இதம், எத்தனை நிமிடம், ஸ்பீக்கரா ஹெட்போனா, நோயாளி பாதியில் எழுந்து போனால் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அடுத்தவர்கள் எழுதியதைத் திருத்தும்போது நானும் அதையேதான் கேட்கிறேன். மாத்திரை என்றால் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதாமல் விடுவோமா?

இதற்கென்றே 2011இல் வந்த ஒரு வழிகாட்டி இருக்கிறது, இசை சார்ந்த சிகிச்சை ஆய்வுகளில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று. ஏன் இந்த இசை வேலை செய்யும், என்ன இசை, எத்தனை முறை, யார் கொடுக்கிறார், திட்டப்படி நடந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பீர்கள், எந்த இடத்தில், தனித்தனியாகவா குழுவாகவா: ஏழு தலைப்பு. ஆய்வு முடிந்து கட்டுரை எழுதுபவர்களுக்காக வந்ததுதான், ஆனால் ப்ரொபோசல் எழுதும்போதே கையில் வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும்.

உங்கள் விஷயத்தில் 'ஏன்' என்பதற்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. தாளத்தைக் கேட்டு நடக்கும் பயிற்சி 1990களிலிருந்தே ஆராயப்படுகிறது. நோயாளி நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று அளந்து, தாளத்தை முதலில் அதே வேகத்தில் வைத்து, பழகியபின் 5 முதல் 10 சதவீதம் கூட்டுவார்கள். அதை அப்படியே எண்ணோடு எழுதுங்கள். நம்ம ஊர்க்காரர்களுக்கு அம்பாப் பாட்டு வைக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. நல்ல யோசனைதான். ஆனால் அம்பா வலை இழுக்கிற கைக்கான பாட்டு, கால் நடைக்கு அந்த வேகம் ஒத்துவருமா என்று பதிவு செய்து அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் ஒப்பீட்டுக் குழு. இசை இல்லாத குழு என்று எழுதுவது சுலபம், ஆடி மாதம் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டும் ஊரில் யார் காதை மூடுவது? அந்தக் குழுவுக்கும் அதே நேரம், அதே நடைப்பயிற்சி, தாளம் மட்டும் இல்லாமல் என்று வையுங்கள். யாருக்கு எந்தப் பயிற்சி என்று நோயாளியிடம் மறைக்க முடியாது, ஆனால் கடைசியில் நடையை அளப்பவருக்குத் தெரியாமல் வைக்கலாம். இதைச் சொல்லாவிட்டால் கட்டாயம் கேட்பார்கள்.

கால அட்டவணையையும் கடலைப் பார்த்துப் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், அப்போது மகன் வீட்டில் இருப்பான், அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வருவான். ஜூன் 15க்குப் பிறகு? மறுபரிசோதனைக்கு ஆள் வராது. வீட்டுக்கே போய் அளக்க ஒரு ஆளுக்குச் சம்பளமும் பயணச் செலவும் பட்ஜெட்டில் கேளுங்கள், பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் உரிய தொகையும் கேளுங்கள். கலைஞர் சும்மா வருவார் என்று நினைத்து எழுதிய பட்ஜெட்டை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உதவிக்கு முதல் ஆள் புள்ளியியல் தெரிந்தவர், மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் கேட்டுப் பாருங்கள். எத்தனை நோயாளிகள் தேவை என்பதை அவரோடு உட்கார்ந்து முடிவு செய்த பிறகுதான் பட்ஜெட்டே போட முடியும். நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைத்ததும், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு) தளத்தில் பதிவு செய்துவிடுங்கள், ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஆய்வை 2018 ஏப்ரலிலிருந்து அங்கே பதிய முடியாது. இசைப் பகுதியை மட்டும் ஒரு பக்கம் எழுதி இங்கேயே கமெண்டில் போட்டால் நானும் படித்துச் சொல்கிறேன்.