இடி, மின்னல் பயத்தை சிங்கப்பூரில் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: பொங்கோலில் 14ஆவது மாடிக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. மத்தியானம் இடி தொடங்கினால் கை கால் நடுங்குகிறது. என்னைப் பார்த்து ஐந்து வயது மகனும் அழுகிறான். கணவருக்குக் கட்டுமானத் தளத்தில் வேலை, அந்தக் கவலை வேறு. என்ன செய்வது?

பதில்:

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 14ஆவது மாடியில் சத்தமும் வெளிச்சமும்தான் அதிகம், ஆபத்து அதிகமில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் உச்சியில் உலோகப் பட்டைகள் ஓடும். மின்னல் அங்கே விழுந்தால் மின்சாரம் அந்தப் பட்டைகள் வழியாகவும், அவற்றோடு இணைந்த கீழிறங்கும் கடத்திகள் வழியாகவும் மண்ணுக்குப் போய்விடும். இதற்கென்றே எஸ்எஸ் 555 என்ற சிங்கப்பூர்த் தரநிலை இருக்கிறது. சன்னலைச் சாத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த நேரத்தில் சிங்கப்பூரில் இருக்கக்கூடிய மிகப் பாதுகாப்பான இடங்களில் ஒன்றில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அதிகம் பேர் செய்கிற தவறு துணி எடுப்பது. இடி கேட்டதும் சமையலறைச் சன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, ஈரத்துணி தொங்கும் நீளமான உலோகக் கழியை இழுப்பார்கள். வானம் கறுக்கும்போதே எடுத்துவிடுங்கள். இடி கேட்ட பிறகென்றால் துணி நனையட்டும், விட்டுவிடுங்கள். குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் பிறகு. குழாயும் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். டிவி, கணினி, வைஃபை ரூட்டர் ஆகியவற்றின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உள்ளே இருக்கும் சிறு இடைவெளியை மின்னழுத்தம் தாண்டிவிடும். ஃபைபர் கம்பி மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ரூட்டரின் அடாப்டர் கடத்தும். பிளக்கை இடிக்கு முன்பே கழற்றுங்கள், மின்னல் தலைக்கு மேல் வந்த பிறகு தொட வேண்டாம். கைப்பேசியில் தாராளமாகப் பேசலாம், சார்ஜரில் மாட்டியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி இடியைப் பற்றி. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 170 நாளுக்கு மேல் இடி கேட்கிறது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மிக அதிகம், ஜனவரி, பிப்ரவரியில் குறைவு. பகலில் சூடேறிய நிலமும் கடற்காற்றும் சேர்ந்து பிற்பகலில் மேகத்தைக் குவிக்கின்றன. விடியலுக்கு முன் பலத்த காற்றோடு வருவது சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணை தாண்டி வருகிற புயல்வரிசை. அதுவும் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும். எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரிந்தாலே பயத்தில் ஒரு பங்கு குறையும்.

மின்னல் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி வெடிப்பதுபோல் விரிகிறது. அந்தச் சத்தம்தான் இடி. மின்னல் கோடு சில கிலோமீட்டர் நீளம் இருப்பதால் அதன் ஒவ்வொரு பகுதியின் சத்தமும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. அதனால்தான் உருண்டுகொண்டே போகிறது. உருண்டு உருண்டு வந்தால் தொலைவு. சடாரென்று ஒரே அடியாகக் கேட்டால் பக்கம். பெரும்பாலான மின்னல் மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, தரைக்கு வருவதே இல்லை.

மின்னல் தெரிந்ததும் இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 நொடி என்றால் 10 கிலோமீட்டர். அதற்குள் வந்துவிட்டால் வெளியில் இருப்பவர்கள் உள்ளே போயாக வேண்டும். மழை இன்னும் வராவிட்டாலும்தான், ஏனென்றால் மேகத்தை விட்டு 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். மழை விட்டதும் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பிவிடுகிறோமே, அதுதான் எனக்குக் கவலை தருவது. நாம் மழைக்கு ஒதுங்குகிறோம், மின்னலுக்கு ஒதுங்குவதில்லை.

ஒதுங்கும் இடத்திலும் அதே பிழை நடக்கிறது. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் குடைபோல் விரிந்திருப்பதால் மழைக்கு நல்ல நிழல், மின்னலுக்கு மிக மோசம். மரத்தில் விழுந்த மின்சாரம் பக்கத்தில் நிற்பவர்மீது தாவும், வேர் வழியே தரையிலும் பரவும். இரண்டு கால்களையும் அகட்டி நின்றால் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். பூங்காவில் உள்ள கூரை மட்டும் போட்ட கூடாரம், பேருந்து நிறுத்தம் இரண்டும் நனையாமல் காக்கும், மின்னலிலிருந்து காக்காது. நான்கு பக்கமும் சுவருள்ள கட்டடம், எம்ஆர்டி ரயில் நிலையத்தின் உட்பகுதி, சன்னல் மூடிய கார் அல்லது பேருந்து இவையே சரி. அடுக்குமாடியின் வெற்றுத்தளத்தில் (வீடுகள் இல்லாத திறந்த கீழ்த்தளத்தில்) ஒதுங்க நேர்ந்தால் ஓரத்திலும் தூணிலும் சாயாமல் நடுவில் நில்லுங்கள்.

உங்கள் கணவர் விஷயம். சாரம், கிரேன், கம்பி கட்டும் மேல்தளம் மூன்றிலிருந்தும் முதல் இடிக்கே இறங்க வேண்டும். சாரத்துக்கு அடியில் நிற்பது ஒதுங்குவதாகாது. அவரிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: இடியின்போது லாரியில் ஒதுங்கினால் எங்கே உட்காருவார்? இரும்புக் கூரையும் கதவும் உள்ள ஓட்டுநர் அறை பாதுகாப்பு. தார்ப்பாய் போட்ட பின்பகுதி பாதுகாப்பில்லை. ரப்பர் சக்கரம் காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்குச் சில அங்குல ரப்பர் ஒரு பொருட்டே இல்லை. சுற்றியுள்ள உலோக உடல்தான் மின்சாரத்தை வெளிப்புறமாகவே கடத்திக் காக்கிறது. உள்ளே இருக்கும்போதும் இரும்புப் பாகங்களைத் தொடாமலிருக்கச் சொல்லுங்கள்.

அவர் உள்ளே போனதும் "உள்ளே இருக்கேன்" என்று ஒரே ஒரு செய்தி அனுப்பட்டும். நீங்கள் திரும்பத் திரும்ப அழைக்காதீர்கள். ஒவ்வொரு அழைப்பும் ஒரு நிமிடம் நிம்மதி தரும், பிறகு அடுத்த அழைப்பைக் கேட்கும். வானிலைச் செயலியும் அப்படித்தான். காலையில் ஒரு முறை, முதல் இடி கேட்டதும் ஒரு முறை பார்த்தால் போதும்.

நடுக்கம் வரும்போது உடம்பில் நடப்பது அட்ரினலின் வேலை. நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை சில்லிடும், வயிறு கலங்கும். சில நிமிடங்களில் உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். மூச்சை 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம் விடாமல். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். நம் வீடுகளில் பெரியவர்கள் "அர்ஜுனா, அர்ஜுனா" என்பார்களே, அதை நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு பேரையும் மூச்சை விட்டபடி நிதானமாகச் சொல்லுங்கள்.

இது அந்த நேரத்துக்கான மருந்து. பயத்தையே குறைக்க வேண்டுமானால் இடியில்லாத நாளில் பழக வேண்டும். இடிச் சத்தப் பதிவு ஒன்றை மிக மெல்லிய ஒலியில் வையுங்கள். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். 3 அல்லது 4 வருகிற ஒலியளவில் தொடங்கி, அது பாதியாகக் குறையும்வரை கேளுங்கள், 20 நிமிடமானாலும் சரி. அடுத்த நாள் அதே அளவு, பழகியபின் ஒரு படி கூட்டுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும், மறுமுறை பயம் கூடும். பலர் முதல் நாளே முழு ஒலியில் வைத்து, தாங்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு உண்மையான இடியின்போது, உள்ளறையில் போர்வைக்குள் போகாமல் கூடத்தில் இருந்து பாருங்கள். அதுவும் பழகிய பிறகு மூடிய சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்து மின்னலைப் பாருங்கள்.

பையனுக்கு உங்கள் முகம்தான் வானிலை அறிக்கை. "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அவன் நம்ப மாட்டான், உங்கள் கை நடுங்குவது அவனுக்குத் தெரியும். "சத்தம் பெரிசா இருக்கு, அம்மாவுக்கும் பிடிக்கல, ஆனா வீட்டுக்குள்ள நம்மளை ஒண்ணும் செய்யாது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவனையே நொடி எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை கூடக்கூட இடி தூரப் போகிறது என்பது அந்த வயதிலேயே புரியும். சேட்டைக்கு மிரட்ட இடியை இழுக்காதீர்கள். விளையாட்டுத் திடலில் இடி கேட்டால் உடனே உள்ளே வர வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகப் பழக்குங்கள்.

யாரையாவது மின்னல் தாக்கினால் அவரைத் தொடலாம். உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. 995ஐ அழைத்து, மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். பல வீவக புளோக்குகளின் மின்தூக்கி முன்பகுதியில் ஏஇடி என்ற இதய மீட்புக் கருவி மாட்டியிருக்கும். உங்கள் புளோக்கிலோ பக்கத்து புளோக்கிலோ எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். பலர் விழுந்து கிடந்தால் முனகுகிறவரைவிட அசைவற்றுக் கிடப்பவரை முதலில் பாருங்கள். மின்னலால் நின்ற இதயம் பெரும்பாலும் மீளக்கூடியது.

இடிச் சத்தம் கேட்டுப் பழகுவதை ஒன்றிரண்டு மாதம் செய்தும் தூக்கம் கெடுகிறது, வானம் கறுத்தால் கடைக்குக்கூடப் போக முடியவில்லை என்றால் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள், உளவியல் நிபுணரிடம் அனுப்புவார்கள். பயத்துக்குப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை நன்றாகவே பலன் தரும். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.