மசாஜ் கட்டிலுக்கு ஒன்றரை லட்சமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. ஒரு வருடமாகக் கீழ்முதுகு வலி. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு மூட்டுகள் தேய்ந்திருப்பதாகச் சொன்னார்கள். புதுச்சேரியில் ஒரு சென்டரில், உருளை ஓடும் சூடான கட்டிலில் இலவசமாகப் படுக்கவைக்கிறார்கள். தினமும் பஸ்ஸில் போய்வருகிறார், வலி குறைந்ததாம். இப்போது ‘வாங்கிவிடுங்கள், தேய்மானமே சரியாகிவிடும்’ என்று ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். அம்மா 5,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். வாங்கலாமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: வேண்டாம்.

வலி குறைந்தது என்று அம்மா சொல்வது உண்மையாகவே இருக்கும். சூடு பட்டால் இறுகிய தசை தளரும், வலி கொஞ்ச நேரம் அடங்கும். அதை வெந்நீர்ப் பையும் செய்யும். தேய்ந்த குருத்தெலும்பை எந்த உருளையும் திரும்ப வளர்க்காது. தவிர, இந்த வலி தானாகவே கூடும், குறையும். குறைந்த வாரத்தில் கட்டிலில் படுத்திருந்தால் நல்ல பெயர் கட்டிலுக்கு. தினமும் வெளியே போய் நாலு பேரோடு பேசிவிட்டு வருவதும் காரணமாக இருக்கலாம், அதற்கு பில் கிடையாது.

வலியே இல்லாத அறுபது வயதுக்காரர்களின் எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரியும். அதனால் படத்தை மட்டும் நம்ப முடியாது. பின்னால் வளைந்தால் வலி, குனிந்தால் தேவலை என்றால் முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகளைச் சந்தேகிப்பார்கள். உட்கார்ந்து எழும்போது ஒரு பக்கப் பிட்டத்துக்கு மேலே பிடித்தால் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டாக இருக்கலாம். எப்படியும் பஸ் ஏறுகிறார், அங்கேயே கோரிமேட்டில் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதல் வைத்தியம் உடற்பயிற்சிதான். பிசியோதெரபிக்கும் ‘இருபது சிட்டிங் பேக்கேஜ்’ என்று மொத்தமாகக் கட்டாதீர்கள், போகப்போகக் கொடுங்கள். பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் விடாமல் செய்யவேண்டும். அதில் குறையாவிட்டால்தான் ஊசி, மூட்டு வலியைக் கடத்தும் நரம்பைச் சுடும் சிகிச்சை எல்லாம். நரம்பைச் சுடுவதற்கு முன் மரப்பு ஊசி போட்டு, வலி அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். பலன் மாதக்கணக்கில் நிற்கலாம், நிரந்தரமில்லை. கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சரி, முன்பணம். எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். ‘தேய்மானம் சரியாகும்’ என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள், நோயாளியைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு அதுவே ஆதாரம். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்டர் புதுச்சேரியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, 2 ஆண்டுகளுக்குள் கொடுக்கவேண்டும். ரசீது தரவில்லை என்றால் ஜிபேயில் கட்டிய பதிவும் சாட்சிதான்.