தூண்டிவிட்டது யார்?

கேள்வி: போராட்டம் என்றதும் நம் சாதாரண ஜனங்களும் போய்ச் சேர்ந்துகொள்கிறார்களே, யாரோ தூண்டிவிடுவதால்தானே? (வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: தூண்டுவது என்பது விளக்குக்குச் செய்கிற வேலை. திரி எண்ணெயில் அமிழ்ந்துபோனால் நுனியை மேலே இழுத்துவிடுவோம். எண்ணெய் இல்லாத விளக்கைத் தூண்டினால் விரல்தான் கரியாகும்.

1913இல் தென்னாப்பிரிக்காவின் இந்த நேட்டால் மாகாணத்தில் எண்ணெய் ததும்பிக்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும். மனைவிக்குத் தனி, பதின்மூன்று வயதான மகளுக்கும் தனி. ஒப்பந்தக் கூலியின் முதலாண்டுச் சம்பளமோ மாதம் 10 ஷில்லிங், அதாவது அரைப் பவுண்டு. ஒரு தலைக்கான வரியே ஆறு மாத வியர்வை! போதாக்குறைக்கு, கிறிஸ்தவ முறையிலோ பதிவாளர் முன்னிலையிலோ நடக்காத கல்யாணம் செல்லாது என்று மார்ச் மாதத்தில் ஒரு தீர்ப்பு. தாலி கட்டிக்கொண்டவளை மனைவி இல்லை என்று சொன்ன பிறகு, அவளைத் தூண்ட இன்னொருவர் வர வேண்டுமா? பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தைகளோடு நேட்டாலின் நிலக்கரி ஊரான நியூகாசிலுக்கு வந்து சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சிறைக்குப் போன வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து 16 வயதில் இறந்தாள்.

விழா மலர் போடுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. 'காந்தி அழைத்தார், மக்கள் பின்னால் போனார்கள்' என்று ஒவ்வோர் ஆண்டும் அச்சடிக்கிறார்கள். காந்தி சிறையில் இருந்தபோதுதான் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் காட்டுத்தீயாகப் பரவியது. அந்தத் தோட்டத் தொழிலாளர்களை அவர் அழைக்கவே இல்லை. அவர்கள் பெயர்களைத் தேடி அச்சடியுங்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்?

சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்கிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். வாடகை பாக்கிக்காக ஒரு வீட்டுச் சாமான்களைத் தெருவில் தூக்கி வைத்த காலையில் நான் அங்கே நின்றிருந்தேன். மெத்தை, தையல் மெஷின், காமாட்சி விளக்கு எல்லாம் புல்லில் கிடந்தன. பக்கத்து வீட்டு அக்கா ஆடிக்கூழுக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். கையைக்கூடக் கழுவாமல் வந்து, முதலில் அந்த விளக்கை எடுத்து முந்தானையால் துடைத்தார். பிறகு அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர்தான், மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அதற்குள் தெருவே அவரோடு உட்கார்ந்துவிட்டது. அன்று மாலையே அவரைப் 'போராட்டக்காரி' என்றார்கள். அதுவரை அவர் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை.