வேகன் ஆருக்கு 175 டயர் போடலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என்னுடையது 660 சிசி வேகன் ஆர். டயர் 155/65 ஆர்14, தேய்ந்துவிட்டது. 175/65 ஆர்14 போட்டால் கார் உயரும், பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும் என்கிறார்கள். போடலாமா?"

வேண்டாம் தம்பி. 155, 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆகவே அகலம் கூடினால் உயரமும் கூடும்; கார் உயரும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு? 13 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம்கூட வராது.

டயரில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, காரை ஒரு சுற்று உருட்டிப் பாருங்கள். கணக்குப்படி உங்கள் டயர் ஒரு சுற்றில் 175 சென்ரிமீட்டர் போகும். 175/65 போட்டால் 183 போகும். எஞ்சினின் பலம் அதேதான், ஒரு சுற்றுக்குத் தள்ளவேண்டிய தூரம் கூடிவிட்டது. அதனால் தரையில் கிடைக்கும் இழுவை நான்கரை வீதம் குறையும். கல்லடிப் பாலத்தில் அது பெரிதாகத் தெரியாது. வீட்டில் உள்ள எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும்போது, மகியங்கனை தாண்டி 18 வளைவு ஏறுகையில் நன்றாகத் தெரியும். டயர் பாரமாகவும் இருந்தால் நின்று எடுக்கும்போதெல்லாம் கார் மந்தமாகத்தான் கிளம்பும். ஸ்பீட் மீட்டரும் குறைத்துக் காட்டும்: 60 காட்டும்போது முன்பைவிட 3 கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவீர்கள்.

சரி, பிரேக். பிரேக் பிடித்து நிறுத்துவது சில்லை. காரை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடி. சில்லு பெரிதானால் அதே அளவு மிதிக்கு அதே நான்கரை வீதம் குறைவாகவே பிடிக்கும், இன்னும் அழுத்தி மிதிக்கவேண்டும். காய்ந்த ரோட்டில் அகல டயர் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆனால் மார்கழி மழையில் கல்லாறுப் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது ஒடுக்கமான டயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும், அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். மிதந்துவிட்டால் எந்த பிரேக்கும் உதவாது. அங்கே உங்களைக் காப்பாற்றுவது டயரின் பூவும் (ரோட்டில் படும் பக்கத்தில் உள்ள வெட்டுகள்) சரியான காற்றும். பூவின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். சட்டம் எவ்வளவு அனுமதித்தாலும் நம் ஊர் மழைக்கு அது போதாது.

இன்னொன்று, உங்கள் ரிம் ஒடுக்கம். 175 அதில் சரியாக உட்காராது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மட்கார்டில் உரசவும் கூடும்.

அதே 155/65 தான் நல்லது. கிடைக்காவிட்டால் 165/60 ஆர்14 கேளுங்கள், உயரம் ஏறக்குறைய ஒன்றே. அளவுக்குப் பக்கத்தில் உள்ள பாரக் குறியீடு (டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் காட்டும் எண்) 75க்குக் குறையக்கூடாது. அப்புறம், பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 1024 என்றால் 2024ஆம் ஆண்டின் 10ஆம் வாரத்தில் செய்த டயர். காசு கொடுக்கமுதல் நான்கு டயரிலும் அதைப் பாருங்கள்.