டிப்ளமோ படிச்சா அவ்ளோதானா?

கேள்வி: பையன் பத்தாவது முடிச்சதும் அடம்பிடிச்சு பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் சேர்ந்துட்டான். பிளஸ் டூ படிக்க வைக்காம விட்டுட்டீங்களே, இனி சூப்பர்வைசருக்கு மேல போக முடியாதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. ரொம்ப பயமா இருக்கு. (ஒரு அம்மா, விழுப்புரம்)

பதில்: அம்மா, சந்திரயான் 3 ப்ராஜெக்ட் டைரக்டர் வீரமுத்துவேல் உங்க ஊர்க்காரர் தான், அவரும் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சிட்டு தான் பிஇ போனார், அப்புறம் திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடில பிஎச்டின்னு படிச்சிட்டே போனார். 2025 ஜனவரில இஸ்ரோ தலைவரான நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், அவருக்கும் ஆரம்பம் மெக்கானிக்கல் டிப்ளமோவும் ஏஎம்ஐஇ-யும் (காலேஜ் போகாம பரீட்சை எழுதி வாங்குற இன்ஜினியரிங் தகுதி) தான். கம்பெனில வேலை பார்த்து, 1984ல இஸ்ரோவுக்குள்ள வந்து, 1989ல கரக்பூர் ஐஐடில கிரையோஜெனிக்ஸ் (கடுங்குளிர் தொழில்நுட்பம்) எம்டெக், 2001ல பிஎச்டி முடிச்சார்.

அதுக்காக சொந்தக்காரங்க சொல்றது முழுசா தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். டிப்ளமோவோட நின்னுட்டா கவர்மென்ட் வேலைல கோடு போட்ட மாதிரி ஒரு எல்லை இருக்கு. இஸ்ரோவையே பாருங்க, ஐடிஐ முடிச்சவங்களுக்கு டெக்னீஷியன், டிப்ளமோவுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட், பிஇ இருந்தா தான் சயின்டிஸ்ட்/இன்ஜினியர் போஸ்ட்டுக்கு அப்ளை பண்ண முடியும், எவ்ளோ திறமை இருந்தாலும் சர்டிபிகேட் இல்லன்னா அப்ளிகேஷனே உள்ள போகாது. அதனால பையன் டிப்ளமோ முடிச்ச கையோட லேட்டரல் என்ட்ரி கவுன்சிலிங்ல நேரா பிஇ ரெண்டாவது வருஷம் சேரட்டும். வீட்டு நிலைமைக்கு வேலைக்கு போயே ஆகணும்னா, கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி) மாதிரி காலேஜ்கள்ல சாயங்காலம் நடக்குற பார்ட் டைம் பிஇ பத்தி விசாரிங்க. நாராயணன் சார் போன ஏஎம்ஐஇ வழிய மட்டும் இப்போ நம்பாதீங்க, 2013 மே 31க்கு அப்புறம் பதிவு பண்ணவங்களுக்கு பிஇக்கு சமம்ங்கிற அந்த பழைய மத்திய அரசு அங்கீகாரம் கிடையாது, இது தெரியாம பணம் கட்டிடாதீங்க.

இன்னொன்னு, இத பையன்கிட்ட இப்பவே சொல்லுங்க. லேட்டரல் என்ட்ரில வர்ற பசங்க அடி வாங்குறது மேத்ஸ்ல தான். பிஇ முதல் வருஷ கணக்கு படிக்காம நேரா மூணாவது செமஸ்டர் வந்ததும் டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்னு வரும், அரியர் அங்க தான் ஆரம்பிக்கும். வொர்க்‌ஷாப்ல இவங்க தான் கில்லி, லேத்து பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். டிப்ளமோ லீவுல கால்குலஸ் மட்டும் ஒழுங்கா உட்கார்ந்து படிச்சிட்டா போதும்.

கேள்வி: பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். பிஎட் முடிச்சு டீச்சர் ஆகுறத தவிர வேற வழியே இல்லயா அக்கா? (மாணவி, மதுரை)

பதில்: டீச்சர் வேலை நல்ல வேலைம்மா, ஆனா வேற வழி இல்லன்னு அதுக்கு போகக்கூடாது. இஸ்ரோவோட முன்னாள் தலைவர் சிவன் நாகர்கோவில்ல பிஎஸ்சி மேத்ஸ் படிச்சிட்டு தான் சென்னை எம்ஐடில ஏரோநாட்டிக்கல் சேர்ந்தார். உனக்கு முதல் குறி ஜாம் எக்ஸாமா இருக்கட்டும், ஐஐடில எம்எஸ்சி, பெங்களூர் ஐஐஎஸ்சில இன்டகிரேட்டட் பிஎச்டி ரெண்டுக்கும் அது தான் வழி. எம்எஸ்சிக்கு அப்புறம் கேட் நுழைவுத் தேர்வுல பிசிக்ஸ் பேப்பர் எழுதி மெட்டீரியல்ஸ், ஆப்டிக்ஸ் பக்கம் எம்டெக்கும் போகலாம். பிளஸ் டூல மேத்ஸ் எடுத்திருந்தா பிஎஸ்சி முடிச்சவங்களும் பிஇ ரெண்டாவது வருஷம் சேரலாம். ஆனா என்ன கேட்டா, பிசிக்ஸ் உனக்கு உண்மையிலேயே பிடிச்சிருந்தா அத விட்டு மாறாத. கேட் எழுதினா என்டிபிசி, ஓஎன்ஜிசி மாதிரி பொதுத்துறை கம்பெனில இன்ஜினியர் ஆகிடலாம்னு யாராவது சொன்னா அவசரப்படாம நோட்டிபிகேஷன படி, இன்ஜினியர் போஸ்ட்டுக்கு பெரும்பாலும் பிஇ, பிடெக் தான் கேப்பாங்க.

கேள்வி: மெக்கானிக்கல் பிஇ, நாலு வருஷமா ஐடில சாஃப்ட்வேர் டெஸ்டிங். கோர் பக்கம், அதாவது படிச்ச மெக்கானிக்கல் வேலைக்கே திரும்ப முடியுமா? (வாசகர், சென்னை)

பதில்: முடியும் தம்பி, ஆனா வேலைய விட்டுட்டு தேடாதீங்க. பொதுத்துறை ஆசை இருந்தா வயசு வரம்ப இன்னைக்கே பாருங்க, அது யாருக்காகவும் காத்திருக்காது. மத்தபடி உங்க டெஸ்டிங் அனுபவம் வீண் இல்ல. இப்போ கார்ல பாதி வேலை சாஃப்ட்வேர் தான் பாக்குது, பிரேக், கியர் எப்படி வேலை செய்யுதுன்னும் தெரிஞ்சு டெஸ்ட் கேஸும் எழுதத் தெரிஞ்ச ஆள் கிடைக்கிறது கஷ்டம். மறைமலை நகர், மகேந்திரா சிட்டி பக்கம் இருக்கிற ஆட்டோமொபைல் கம்பெனிகள்ல வெலிடேஷன் இன்ஜினியர் (சோதிச்சு சரிபார்க்கிற வேலை)னு தேடிப் பாருங்க, ரெஸ்யூமேல காலேஜ்ல பண்ண ப்ராஜெக்ட்ட மறுபடி மேல கொண்டு வாங்க.